தேசிக்காய் மிஸ்ஸுக்கு எந்தக் காயும் பிடிக்காது

கண்டி மாவட்டத்தில் எலுமிச்சங்காய்க்கு என்றைக்காவது தட்டுப்பாடு வந்திருந்தால் அதற்கு ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு. மழையைக் குறை சொல்லாதீர்கள், வியாபாரிகளையும் விட்டுவிடுங்கள். எல்லாம் தேசிக்காய் மிஸ் செய்த வேலை.

கலஹா பஜாருக்கும் அதற்கு மேலே இருக்கிற இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கும் அவர்தான் மிட்வைஃப். அரசாங்கக் கடிதத்தில் குடும்பநல உத்தியோகத்தர் என்று நீளமாக எழுதுவார்கள். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரும் அந்தக் கடிதத்தில் இருந்திருக்கும். எங்களில் யாரும் அதைப் படித்துப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நாங்கள் எலுமிச்சங்காய் என்பதை அவர் தேசிக்காய் என்பார். சொல்வதோடு நின்றால் பரவாயில்லை, போகிற வீட்டிலெல்லாம் கேட்பார். வந்த இரண்டாவது வாரத்திலேயே பெயர் ஒட்டிக்கொண்டது.

வெள்ளை உடுப்புக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் ஆண்கள் போடுகிற ரெயின்கோட். இவ்வளவும் போட்டுக்கொண்டு, பிள்ளை நிறுக்கிற தராசு பின்னால் ஆட, ஸ்கூட்டரில் மலை ஏறுவார். ஹெல்மெட்டை வீட்டுக்குள் வந்த பிறகும் கழற்ற மாட்டார். வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிறபோது மட்டும் கழற்றுவார். கேட்டு முடிந்ததும் மறுபடி மாட்டிக்கொள்வார். எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகள் முதலில் அடையாளம் கண்டுகொண்ட முகம் ஹெல்மெட் போட்ட முகம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆண்கள் எல்லோருக்கும் அவரிடம் ஒரு பயம் இருந்தது. கிளினிக் நாளில் மனைவியை வாசலில் இறக்கிவிட்டு, பலாமரத்தடியில் நின்று சிகரெட் பிடிக்கிற கணவன்மாரை ஒருநாள் வரிசையாக உள்ளே கூப்பிட்டார். "தம்பிமார், உங்கட மனுசிமாருக்கு இது எத்தினையாம் மாசம்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் ஐந்து என்றார், உண்மையில் எட்டு. இன்னொருவர் அந்தப் பக்கம் திரும்பி, "இந்தா, எத்தினாவது மாசம் புள்ள?" என்று மனைவியிடமே கேட்டார். அடுத்த கிளினிக்கில் பலாமரத்தடி வெறிச்சோடிக் கிடந்தது. எல்லோரும் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து மாசக் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

தோட்டத்து மேனேஜர் துரையிடம் அவர் கக்கூஸ் கேட்ட கதை இன்றைக்கும் பஸ்ஸில் பேசப்படுகிறது. மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் காலையிலிருந்து மாலை வரைக்கும் ஒதுங்க இடமில்லை. அதனால் அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்க் கடுப்போடு கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு மருந்து எழுதி எழுதி மிஸ்ஸுக்குக் கை வலித்துவிட்டது. கடிதம் போட்டார், பதில் இல்லை. ஒருநாள் நேரே துரையின் ஒபீஸுக்குப் போய்க் கதிரையில் உட்கார்ந்தார். கொடுத்த பிளேன்டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "துரை, உங்கட கக்கூஸ் எங்க?" என்று கேட்டார். போனார், வந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். மறுபடி போனார், வந்தார். மூன்றாவது தடவை எழுந்தபோது துரைக்கே சங்கடமாகிவிட்டது.

"மிஸ்ஸுக்கு உடம்புக்கு என்னமும் முடியலையா?"

"எனக்கு ஒண்டுமில்லை. ஒரு மணித்தியாலத்தில நான் மூண்டு தரம் போயிட்டன். மலையில நிக்கிற பிள்ளையள் எட்டு மணித்தியாலம் எங்க போறது?"

துரை யோசிக்கிறேன் என்றார். மிஸ் அடுத்த வாரமும் வந்து தண்ணீர் கேட்டார். அதற்கடுத்த வாரமும் வந்தார். கடைசியில் மலையில் இரண்டு கக்கூஸ் எழும்பின. திறப்பு விழாவுக்குத் துரை வரவில்லை. மிஸ் வந்தார், ஹெல்மெட்டோடு.

கோயில் திருவிழாவில் மைக் பிடித்தது இன்னொரு கூத்து. காணாமல் போன பிள்ளை, சாவி தொலைத்தவர், வழியை மறித்து நிற்கிற வேன் என்று அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. மிஸ் போய் மைக்கை வாங்கினார். "முப்பத்தஞ்சு வயசு தாண்டின அம்மாமார் எல்லாரும் வியாழக்கிழமை கிளினிக்குக்கு வாங்கோ. கருப்பை வாசலில புற்றுநோய் இருக்கோ எண்டு சோதிக்கிறம். நோகாது. வெக்கப்பட ஒண்டுமில்லை, நீங்கள் எல்லாரும் பிறந்து வந்த வழிதான்." ஐயர் மணியடிப்பதை நிறுத்திவிட்டார். கோயில் தலைவர் முகம் சிவந்து, இனி அந்தப் பொம்பளையின் கையில் மைக் போகக் கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் போட்டார். வியாழக்கிழமை காலை முதல் ஆளாக வரிசையில் நின்றவர் தலைவரின் சம்சாரம்.

இத்தனை தைரியம் உள்ள பெண்மணிக்கு இந்த எலுமிச்சங்காய்ப் பைத்தியம் எதற்கு என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை. அதிலும் கொடுக்கிற காய் எதுவும் அவருக்குப் பிடிக்காது. பழுத்ததைக் கொடுத்தால், "எனக்குக் காயாத்தான் வேணும்" என்பார். காயைக் கொடுத்தால், "இது நல்லாச் சின்னன், மரத்தில வேற இருக்கோ பாருங்கோ" என்பார். கூடவே ஒரு வாசகம், அதை ஊரே பாடமாக்கி வைத்திருந்தது: "அவசரமில்லை தம்பி, ஆறுதலா பறிச்சுக்கொண்டு வாங்கோ."

கங்காணி ஒருவர், மிஸ் வருவார் என்று தெரிந்து, ஒரு சாக்கு நிறையப் பல அளவுக் காய்களை வாசலிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். மிஸ் சாக்கைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார். "தம்பி, கறிவேப்பிலை கொஞ்சம் கிடைக்குமோ?" என்றார். கறிவேப்பிலை மரம் தொழிலாளர் குடியிருக்கிற கடைசி லயத்துக்கும் அந்தப் பக்கம் இருந்தது.

பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த ஹாஜியார் இதை ஆராய்ச்சி செய்து முடிவே கட்டிவிட்டார். "மகன், நான் செல்றன் கேளுங்க. அவங்க ஊருல ஊறுகா யாவாரம் நடக்குது. இல்லாட்டி இவ்வளவு தேசிக்கா ஒரு ஆளுக்கு என்னத்துக்கு?" நானும் அதை நம்பினேன். கண்டியில் கிளார்க் வேலை பார்க்கிற, நாலு எழுத்துப் படித்த ஆள் நான். நம்பினேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதைச் சொல்லாவிட்டால் மிஸ்ஸைப் பற்றி எழுதியதாகவே ஆகாது.

எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் என் மனைவி ரஞ்சனிக்கு இரத்தம் நிற்காமல் போய், பிழைத்து வந்ததே பெரிய பாடு. சின்னவளுக்கு ஒரு வயது முடிவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டார். "அடுத்தது ஆம்பளப் புள்ளதான், எனக்குக் கனவு வந்துச்சு." வெள்ளிக்கிழமை தவறாமல் நேர்த்திக்கடன் வைத்தார். நான், "சரிம்மா, பாப்போம்" என்பேன். அதுதான் நான் அந்த விஷயத்தில் எடுத்த முழு முடிவு. ரஞ்சனி என்ன நினைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் தலையை அசைத்தாள், அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மிஸ் வந்தார். தராசைக் கூரை மரத்தில் மாட்டிச் சின்னவளை நிறுத்தார். பிறகு வழக்கம்போல அம்மாவிடம், "அம்மா, பக்கத்து வீட்டில நல்ல கொத்தமல்லி விதை இருக்காமே, ஒரு பிடி கேட்டுப் பாருங்கோவன்" என்றார். அம்மா எழுந்து போனார். மிஸ் என்னைப் பார்த்தார். "தம்பி, ஒரு ரெண்டு தேசிக்காய். அவசரமில்லை, ஆறுதலா."

எலுமிச்சை மரம் எங்களுக்கு மேல் வீட்டில், நாற்பது படி ஏற வேண்டும். அன்றைக்கு எனக்குச் சோம்பல். பைக்கை எடுத்துக்கொண்டு ஹாஜியார் கடைக்குப் போய், ஆறு காய் வாங்கிக்கொண்டு மூன்றே நிமிடத்தில் திரும்பி வந்தேன். இப்படியொரு வேகத்தில் இந்த ஊரில் யாருமே மிஸ்ஸுக்குக் காய் கொடுத்திருக்க மாட்டார்கள் என்ற பெருமையோடு வாசலில் கால் வைத்தேன்.

உள்ளே ரஞ்சனி அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு மிஸ். போன தடவையே செத்துட்டேன்னு நெனச்சேன். இன்னொரு புள்ள என்னால முடியாது. இவங்ககிட்ட எப்படிச் சொல்றது? கேட்டாத்தானே சொல்ல முடியும்."

நான் வாசலில் ஆறு காயோடு நிற்கிறேன். மிஸ் திரும்பிப் பார்த்தார். ஹெல்மெட் கழற்றி மடியில் இருந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

"தம்பி, இது காய் சரியில்லை. வேற கொண்டு வாங்கோ."

நான் கையில் இருந்த காய்களைப் பார்த்தேன். நல்ல பச்சைக் காய்கள், ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷமாக இந்த ஊர் ஆண்கள் படி ஏறியதும், மாமியார்கள் கொத்தமல்லிக்கு அலைந்ததும், கங்காணி கறிவேப்பிலைக்கு ஓடியதும் எதற்காக என்று விளங்கியது. ஒரு பெண் வேறு யாரும் காதில் வாங்காமல் ஐந்து நிமிடம் பேசுவதற்கு எங்கள் வீடுகளில் இடமே இருக்கவில்லை. அந்த இடத்தை மிஸ் எலுமிச்சங்காயை வைத்து உண்டாக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போய் மேல் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். அரை மணித்தியாலம் இருக்கும். என் மேல் எனக்கே அவ்வளவு கேவலமாக இருந்தது.

நான் வரும்போது மிஸ் ஸ்கூட்டரில் ஏறியிருந்தார். "மனுசி என்ன சொன்னவ எண்டு என்னட்டக் கேக்காதேங்கோ, நான் சொல்லமாட்டன். அவவிட்டக் கேளுங்கோ" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மத்தியானமே கேட்டேன். ரஞ்சனி முதலில் என்னை நம்பாமல் பார்த்தாள். பிறகு சொன்னாள், நிறையச் சொன்னாள். அடுத்த கிளினிக்கில் அவள் கையில், தோலுக்கடியில், ஐந்து வருஷத்துக்கான கருத்தடைக் குச்சியை வைத்துக்கொண்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து சின்னவளைப் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவிடம் நானே சொன்னேன். "யாருடா முடிவெடுத்தது?" என்றார். "ரஞ்சனி எடுத்தா. எனக்கும் சரின்னு பட்டுச்சு" என்றேன். மூன்று மாதம் அம்மா மிஸ்ஸோடு பேசவில்லை. மிஸ் வந்தால் அடுப்படியில் சட்டி பானை உருட்டுகிற சத்தம் பஜார் வரை கேட்கும்.

அந்தக் கோபம் முழுதாக ஆறியிருந்ததா என்று தெரியாது. ஒருநாள் மிஸ் படி ஏறி வருகிறபோதே அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றார்.

"டேய், மேல் வீட்டுக்குப் போய் மிஸ்ஸுக்கு எலுமிச்சங்கா பறிச்சுக்கிட்டு வா. ரஞ்சனி, புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நீயும் போ."

மிஸ் இன்னும் எதுவுமே கேட்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நாங்கள் நான்கு பேரும் போனோம். மாதவிலக்கு நின்று எத்தனையோ வருஷமான அம்மாவுக்கு மறுபடி இரத்தம் பட்டுக்கொண்டிருந்ததும், அதை அவர் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்ததும் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. மறுநாளே மிஸ் அவரைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கருப்பையில் புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். ஒப்பரேஷன் முடிந்து அம்மா கட்டிலில் படுத்திருந்தபோது கேட்டேன்.

"மிஸ் எதுக்கு எலுமிச்சங்கா கேக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"மொத நாளே தெரியும். கண்ண ரஞ்சனி மேல வச்சுக்கிட்டு யாராச்சும் எலுமிச்சங்கா கேப்பாங்களா?"

"தெரிஞ்சுக்கிட்டா கொத்தமல்லிக்குப் போனீங்க?"

"நான் ஏழு பெத்தேன். மூணு தங்கல. என்னைய ஒருத்தரும் தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கலடா" என்றார்.

மிஸ் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். போகிற அன்று பஜாரே திரண்டு வந்து கொடுத்த எலுமிச்சங்காயை ஏற்ற ஒரு லொறி வேண்டியிருந்தது. "எனக்கு ஊறுகாய் ஒத்துவராது, வயிறு எரியும்" என்று அப்போதுதான் வாய் திறந்து சொன்னார். ஹாஜியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இப்போது சொந்தமாக ஒரு எலுமிச்சை மரம் நிற்கிறது. அம்மா வைத்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும், காணியின் அடி மூலையில், ஆகத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தார். பெரியவளுக்குப் பதினேழு வயதாகிறது. சில நாட்களில் அவளும் ரஞ்சனியும் அம்மாவும் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே நுழைந்துவிடுவேன். "அப்பா, ரெண்டு எலுமிச்சங்கா" என்பாள் பெரியவள். நான் கூடையை எடுத்துக்கொண்டு கீழே போகிறேன். அந்த ஹெல்மெட் போட்ட மனுஷி எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு காயாக, ஆறுதலாகப் பறிக்கிறேன்.