கொடுக்கக் கூடாத ஊர்

சீட்டுக் குலுக்கியதில் மனைவி டொலறஸின் ஊர் 'ஒன்றும் கொடுக்கக் கூடாத ஊர்' என்று விழுந்துவிட்டது. விம்பிள்டன் ஸ்டேஷனில் இறங்கி வீடு வரைக்கும் நடந்தும், இதை அவளிடம் எந்த முகத்தோடு சொல்வதென்று செபஸ்தியாம்பிள்ளைக்குத் தெரியவில்லை.

மன்னார்ப் பக்கத்து ஊர்களுக்கான லண்டன் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். பள்ளிக்கூடம் தூரமென்று படிப்பை விடுகிற பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்க வேண்டுமென்பது அவருடைய பன்னிரண்டு வருடக் கனவு. கடைசியில் ஓர் அறக்கட்டளை முன்வந்தது. ஆனால் அவர்களுக்கு ஆதாரம் வேண்டும். முள்ளிமுனைக்குச் சைக்கிள் கொடுப்பார்கள்; பக்கத்துப் பாலைக்குடாவுக்கு ஒரு வருடம் யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. இரண்டையும் ஒப்பிட்டுப் பலன் தெரிந்தால் இன்னும் பத்து ஊர்களுக்குக் கொடுப்பார்கள். இடையில் யாராவது கள்ளமாகக் கொடுத்தால் எல்லாம் பாழ்.

முள்ளிமுனை அவர் பிறந்த ஊர். பாலைக்குடா டொலறஸ் பிறந்த ஊர்.

சாப்பிட்ட பிறகு பக்குவமாகச் சொல்லலாமென்று நினைத்திருந்தார். ஆனால் பாலைக்குடாவிலிருந்து டொலறஸின் தங்கை மேரிசாந்தி முந்திக்கொண்டு போன் எடுத்துச் சொல்லிவிட்டாள்.

"உங்கட ஊருக்குச் சைக்கிள், எங்கட ஊருக்கு ஆராய்ச்சியோ?" என்றாள் டொலறஸ், கதவைத் திறந்தபடியே.

"சீட்டில விழுந்ததப்பா. ஒரு ஊர் சும்மா இருந்தால்தான் மற்ற ஊர் முன்னேறினது தெரியுமாம்."

"பள்ளிக்கூடத்துக்கு நாலு கட்டை தூரம் நடக்க ஏலாமல் ஒன்பதாம் வகுப்போட நிண்டனான் நான். அது காணாதோ உங்கட ஆதாரத்துக்கு?"

அந்த டொலறஸை அவருக்கு நன்றாக ஞாபகமிருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணல் ஒழுங்கையில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நடந்து போவாள். இவர் தகப்பனின் பழைய சைக்கிளில் மணியடித்துக்கொண்டு கடந்து போவார். ஒரு நாளாவது ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஊர் கதைக்குமென்று பயம். அடுத்த வருடம் அந்த வெள்ளைச் சட்டையை அந்த வழியில் காணவில்லை. இவர் பரீட்சை பாஸ் பண்ணினார், அவள் கருவாடு காயப்போட்டாள். பிற்காலத்தில் அவளையே கல்யாணம் செய்தும், அந்தப் பயத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு வெட்கமாக இருக்கும்.

மறுநாளே மேரிசாந்தியின் மகள் துஷ்யாவுக்கு ஒரு சைக்கிள் வாங்க வழி செய்தார். ஒன்றே ஒன்றுதானே, ஆராய்ச்சி தாங்கும்.

"ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது, மேரிசாந்தி."

"நான் ஏன் அத்தான் சொல்லுறன்? ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும்தான் சைக்கிள் ஓடிக்கொண்டு போனவள்."

பூசைக்கு வராத ஆள் பாலைக்குடாவில் கிடையாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். செபஸ்தியாம்பிள்ளை சைக்கிளால் மூடப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி பேசாமலிருக்க அவள் மகளுக்கு ஒன்று. அதைப் பார்த்துவிட்ட எதிர்வீட்டுக்கு ஒன்று. நாலாவது யாருக்கென்று அவருக்கே சரியாகத் தெரியாது.

இந்த நிலையில் சங்கக் கூட்டத்தில் தலைவர் ஜெஸ்ரின் எழும்பி, "பாலைக்குடாவுக்கு ஒருத்தரும் ஒரு சைக்கிள் ரியூப் கூட அனுப்பக் கூடாது. கடவுள் பாத்துக்கொண்டிருக்கிறார்," என்றார். எல்லாரையும் விடச் சத்தமாக ஆமென் சொன்னது செபஸ்தியாம்பிள்ளைதான்.

வருட முடிவில் ஊரில் கணக்கெடுக்க ஆள் வருகிறதென்று தெரிந்ததும் அவர் அன்றிரவே ஊருக்குப் போன் எடுத்தார்.

"மேரிசாந்தி, எல்லாத்தையும் எங்கையாவது ஒளிச்சு வை."

"பாதரைக் கேட்டுக் கோயிலுக்குள்ள வச்சுப் பூட்டியாச்சு அத்தான். வாறவை வீடு வீடாத்தானே பாப்பினம்."

நல்ல யோசனைதான். கணக்கெடுக்க வந்த பிள்ளை பக்தியான பிள்ளையாக இருக்குமென்று யார் கண்டது? வேலை தொடங்குமுன் ஒரு செபம் சொல்ல வேண்டுமென்று கோயில் கதவுத் திறப்பைக் கேட்டாளாம்.

அடுத்த வாரம் அறக்கட்டளை சங்கத்தாரைக் குரோய்டனுக்குக் கூப்பிட்டது. ட்ராமில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் புத்தகப் பையோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனம் கனத்தது. அன்றைக்குப் பயத்தால் ஒருத்தியை நடக்கவிட்டார்; இன்றைக்குப் பாசத்தால் பத்து ஊர்ப் பிள்ளைகளை நடக்கவிடப் போகிறார்.

அறக்கட்டளையில் வேலை செய்யும் லக்‌ஷிகா லண்டனிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. அவள் திரையில் ஒரு படத்தைப் போட்டாள். பாலைக்குடாக் கோயில். பீடத்திலிருந்து வாசல் வரைக்கும் சைக்கிள்கள்.

செபஸ்தியாம்பிள்ளை எழுந்து நின்றார்.

"பிள்ளை, பிழை என்னில. நாலு சைக்கிள் நான்தான் அனுப்பினனான். என்ர மனிசி நடந்து களைச்ச ஊர் அது, பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு. அதுக்காக மற்றப் பத்து ஊரையும் தண்டிச்சுப் போடாதேங்கோ."

"நாலா, அங்கிள்? படத்தில அறுபத்திமூண்டு இருக்கு."

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஜெஸ்ரின் மெல்லக் கையை உயர்த்தினார்.

"அம்மா பிறந்த ஊரெல்லோ," என்றார். "என்ர ஒரு பன்ரண்டு இருக்கும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கை உயர்த்தாதவர் ஒருவர்தான். அவருக்குத் தோள் நோவு, வாயால் சொன்னார்.

"அப்ப எல்லாம் முடிஞ்சுதோ, பிள்ளை?" என்று கேட்டார் செபஸ்தியாம்பிள்ளை.

"இல்லை அங்கிள், எங்கட போர்டு ஆக்களுக்கு இந்த ஆதாரம் நல்லாப் பிடிச்சிட்டுது," என்றாள் லக்‌ஷிகா. "நாங்கள் குடுத்த ஊரில இருபத்தஞ்சு சைக்கிள், குடுக்கக் கூடாது எண்ட ஊரில அறுபத்திமூண்டு; அதால அடுத்த வருஷம் மற்றப் பத்து ஊருக்கும் ஒருத்தரும் ஒண்டும் குடுக்கக் கூடாது எண்டு அறிவிக்கப் போறம்."