பின்னாலிருந்து கூப்பிடாதவன்

என் வாழ்க்கையில் நான் அதிகம் உச்சரித்த சொல் சாமி பெயரும் இல்லை, மனைவி பெயரும் இல்லை. "எங்கே?" என்பதுதான். தீயணைப்புப் படையில் தொலைபேசிப் பிரிவுக்குத் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மூலையில் தீப்பிடித்தாலும் முதலில் மணி அடிப்பது என் அறையில்தான். எதிர்முனையில் அழுவார்கள், கத்துவார்கள், சிலர் என்னையே திட்டுவார்கள். அவர்களிடம் "எங்கே?" என்று கேட்டு, கிடைத்த பதிலை வண்டியில் ஏறுகிறவன் காதில் போடுவதுதான் எங்கள் தொழில். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நான் பிறந்து வளர்ந்த தென்காசிப் பக்கத்தில், வெளியே புறப்படுகிறவரிடம் கேட்கவே கூடாத சொல் அது. கேட்டால் போகிற காரியம் உருப்படாது. அதைவிடப் பெரிய குற்றம், வாசலைத் தாண்டியவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவது. கூப்பிட்டுவிட்டால் அவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். என் அம்மா இதில் ரொம்பக் கண்டிப்பு. அப்பா ஒருமுறை செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு (ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது) கல்யாண வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் வாயைப் பொத்திவிட்டாள். அப்பா அந்தக் கல்யாணத்தில் நொண்டிக்கொண்டே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

இப்படி வளர்க்கப்பட்ட ஒருவனைக் கொண்டுபோய்த் தீயணைப்பு நிலையத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நடந்ததற்கு நான் மட்டும் பொறுப்பல்ல என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அது யுத்த காலம். சப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரெல்லாம் பேச்சு. அவன் பெரிய துறைமுகங்களை எல்லாம் விட்டுவிட்டு எதற்காகத் தென்காசிக்கு வர வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. (குற்றாலத்தில் குளிக்க வருவான் என்றார் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.) அவசர அவசரமாக ஓர் ஓட்டுக் கட்டடத்தில் நிலையம் திறந்தார்கள். ஒரு லாரி, அதன் பின்னால் இழுத்துப் போக ஒரு பம்பு, ஒரு பீப்பாய்த் தண்ணீர், காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஐந்தாறு பேர், சுவரில் ஒரு தொலைபேசி. நான் இங்கிலீஷ் வாசிப்பேன் என்பதால் தொலைபேசி எனக்கு என்றார்கள். உண்மையில் மற்றவர்களுக்கு அதைத் தொடத் துணிச்சல் இல்லை. மின்சாரம் காது வழியாக உள்ளே இறங்கிவிடும் என்று பயந்தார்கள்.

நிலையத்துக்குத் தலைவர் சுடலைமுத்து அண்ணாச்சி. லாரி ஓட்டுவதும் அவர்தான், ஆட்களை நடத்துவதும் அவர்தான். பெரிய மீசை, பெரிய மனசு, இரண்டையும்விடப் பெரிய சகுன நம்பிக்கை. ஒருநாள் பயிற்சிக்காக லாரி வாசலைத் தாண்டியபோது, முற்றம் பெருக்குகிறவர் "அண்ணாச்சி, தொப்பிய விட்டுட்டுப் போறியளே" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்துவிட்டார். லாரி நின்றது, அப்படியே பின்னால் வந்தது. எல்லோரும் இறங்கி, வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினார்கள். அதன்பின் அண்ணாச்சி அந்த மனிதரோடு ரொம்ப நாள் பேசவில்லை. (தொப்பியை மறுபடியும் விட்டுவிட்டுத்தான் போனார்.)

பயிற்சி தினமும் காலையில் நடக்கும். வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை நான் அடிப்பேன். எல்லோரும் ஓடி வந்து ஏறுவார்கள். லாரி கீழப்பாவூர்ச் சாலையில் போய், வழியில் ஒரு குளத்தில் குழாயைப் போட்டுத் தண்ணீர் இறைத்து, அதைக் குளத்திலேயே விட்டுவிட்டுத் திரும்பும். உண்மையான தீ வந்தால் மணி அடிப்பதோடு இடத்தையும் அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. மாதக்கணக்கில் ஒரு தீயும் வராததால் அந்த இரண்டாம் பாகத்துக்கு எனக்குப் பழக்கமே இல்லாமல் போயிற்று.

சாரல் தொடங்கச் சில நாட்களே இருந்த சமயம். குற்றாலத்தில் பாறை காய்ந்து கிடக்கும். ஆனால் அருவிக்குப் போகிற பாதையில் சீசன் கடைகளுக்குப் புது ஓலை வேய்ந்து முடித்திருப்பார்கள். அந்த இரண்டு மூன்று மாத வியாபாரத்தை வைத்துத்தான் அங்கே பல வீடுகளில் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். அப்படிப்பட்ட ஒரு காலையில், பயிற்சிக்கு மணி அடிக்கப் போகும் நேரத்தில் தொலைபேசி அலறியது. எடுத்தேன். பெண் குரல். (எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டேன். அவளால் பார்க்க முடியாது என்பது பிறகுதான் தோன்றியது.)

"குத்தாலம். பெரிய அருவிக்குப் போற பாதை. பேச்சியம்மா இட்லிக் கடை. ஓலைக் கூரை பத்திக்கிட்டுது. காத்து அடுத்த கடைப் பக்கமா அடிக்குது. சீக்கிரம் வாங்க. கேட்டுதா?"

"கேட்டுது" என்றேன்.

எத்தனையோ ஆயிரம் பேரிடம் தகவல் வாங்கியவன் சொல்கிறேன், அவ்வளவு ஒழுங்காகச் சொன்ன ஆள் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை. முதலில் இடம், பிறகு அடையாளம், எரிவது என்ன, காற்று எந்தப் பக்கம். ஒன்றும் விடவில்லை. கேட்டவன்தான் சரியில்லை.

ஓடிப்போய்த் தண்டவாளத்தை அடித்தேன். முதல் தீ அல்லவா? அதுவரை அடிக்காத அடி அடித்தேன். அடிக்கிற வேகத்தில், நிறுத்த வேண்டும் என்பதே மறந்துவிட்டது. நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் லாரி வாசலைத் தாண்டியிருந்தது. அண்ணாச்சி "எங்கலே?" என்று கேட்கவில்லை, புறப்படும்போது அவர் கேட்கமாட்டார். வழக்கமான பயிற்சி என்று நினைத்துவிட்டார். லாரி கிழக்கே திரும்பியது. குற்றாலம் மேற்கே இருக்கிறது.

"அண்ணா..." என்பது வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அம்மாவின் கை நிஜமாகவே என் வாயில் இருந்ததுபோல் இருந்தது. கூப்பிட்டால் லாரி பின்னால் வரும், எல்லோரும் இறங்குவார்கள், உட்காருவார்கள், தண்ணீர் குடிப்பார்கள்; அதற்குள் கடை சாம்பலாகிவிடும். கூப்பிடாவிட்டால் தீயணைப்புப் படை கீழப்பாவூர்ப் பக்கம் குளத்தை அணைத்துக்கொண்டிருக்கும். இதற்கு நடுவில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. பின்னாலிருந்துதானே கூப்பிடக் கூடாது? முந்திப் போய் முன்னாலிருந்து கூப்பிட்டால்?

நிலையத்து சைக்கிளை எடுத்து மிதித்தேன். தொலைபேசியை யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பே இல்லை. அறுவடை முடிந்த வயல் வழியாகக் குறுக்கே விழுந்து போனால், ரயில்வே கேட்டில் லாரி நின்றுகொண்டிருந்தது. கேட் மூடியிருந்தது. கடவுளே வழிவிட்டது மாதிரி இருந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு, லாரியின் ஓரமாக ஓடி, கேட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கேட்டையும் தாண்டித் திரும்பி நின்றேன். இப்போது நான் முன்னால். இரண்டு கையையும் தூக்கி, "அண்ணாச்சி! தீ! குத்தாலம்!" என்று உயிர் போகக் கத்தினேன். அதே நேரம் செங்கோட்டையிலிருந்து வந்த ரயில் எங்களுக்கு நடுவில் புகுந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முறை கத்தினேன். ஜன்னலோரம் இருந்தவர்கள், யாரையோ வழியனுப்ப வந்தவன் என்று நினைத்துக் கையசைத்தார்கள்.

லாரி பக்கமாக ஓடினாயே, அப்போதே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். விசாரணைக்கு வந்த அதிகாரியும் அதைத்தான் கேட்டார். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்களே தவிர, பக்கவாட்டைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை.

ரயில் போய்க் கேட் திறந்ததும் லாரி மெல்ல வந்து என் முன்னால் நின்றது. அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"ஏலே, ஒத்தையா எதிர்ல வந்து நிக்கியே, ஒனக்கு அறிவிருக்கா?"

"அண்ணாச்சி, தீ. நெசத் தீ. குத்தாலத்துல இட்லிக் கடை."

"அத ஏம்லே அங்கனயே சொல்லல?"

"நீங்க பொறப்புட்டுட்டிய. பின்னால கூப்பிடப்படாதுல்லா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவதா, பாராட்டுவதா என்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒற்றை ஆள் எதிரே வந்து மறித்துவிட்டான், அதுவும் தடைதான். அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டே, பாதிக் குரலில், "ஆளுக்கு ஒரு மடக்கு. சட்டுனு குடிங்கலே" என்றார். அத்தனை பேரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, தீயை அணைக்க வைத்திருந்த பீப்பாயிலிருந்து தண்ணீர் குடித்தோம். நானும் குடித்தேன். நாக்கெல்லாம் துரு.

லாரியைத் திருப்பிக் குற்றாலத்துக்குப் போகும் வழியில், நிலையத்துக்குள் தொலைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது ரோடு வரை கேட்டது. நான் இறங்கப் போனேன். "உக்காருலே. நீ எடுத்துக் கிழிச்சது போதும்" என்றார் அண்ணாச்சி. அந்த மணிச் சத்தம் இன்றைக்கும் சில சமயம் என் காதில் கேட்கும். எடுக்க ஆளில்லாத தொலைபேசியைவிடப் பரிதாபமான சத்தம் எனக்குத் தெரியாது. அதை நினைத்துச் சிரிக்க என்னால் இதுவரை முடியவில்லை.

குற்றாலத்தில் போய் இறங்கியபோது தீ இல்லை. பெண்களே பக்கத்துக் கடையின் ஓலையைப் பிய்த்துப் போட்டு, பானை பானையாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி, தீயைப் பரவவிடாமல் அணைத்திருந்தார்கள். பேச்சியம்மாள் கடைக்கு மட்டும் கூரை இல்லை. கரி பிடித்த மூங்கிலுக்குக் கீழே, பாத்திரங்களையும் ஆட்டுக்கல்லையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். புருஷன் இல்லாதவர், அந்தக் கடைதான் அவருக்கும் மகளுக்கும் சோறு. எங்களையும், லாரியையும், பளபளவென்று இருந்த பம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்கய்யா, வாங்க. எங்க போயிட்டு வாறிய?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் கரியோடு அவருடைய மகள் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். "தூரமா சுத்தி வந்திருப்பிய. உக்காந்து தண்ணி குடிங்க" என்றாள். குரல் கேட்டதும் தெரிந்துவிட்டது. தபாலாபீசுக்கு ஓடிப்போய், பதறிப்போன போஸ்ட் மாஸ்டரிடமிருந்து தொலைபேசியைப் பிடுங்கிப் பேசியவள் அவள்தான். இரண்டாம் முறை ஓடிப்போய்க் கூப்பிட்டு, யாரும் எடுக்காமல் திரும்பியவளும் அவள்தான். பெயர் செண்பகம். பிறகு நேராக என்னைப் பார்த்து, "போன்ல கேட்டுதுன்னு சொன்னது நீங்கதானா? கேட்டத யாருட்டயாவது சொன்னியளா?" என்று கேட்டாள்.

மறுநாளே அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு வண்டி ஓலை கொண்டுவந்தார். யாரும் உத்தரவு போடவில்லை. காக்கிச் சட்டையோடு மொத்தப் படையும் கூரைமேல் ஏறியது. நான் கீழே நின்று ஓலை எடுத்துக் கொடுத்தேன். கூரைமேல் ஏற்ற யாரும் என்னை நம்பவில்லை. முதல் சாரல் விழுந்த அன்று பேச்சியம்மாள் கடையில் அடுப்பு எரிந்தது. முதல் இட்லியை அண்ணாச்சிக்கு வைத்தார்கள். அவர் சாப்பிடவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூரை வேயப்படாமல் போயிருந்தால் நான் அந்த வேலையில் நீடித்திருக்கமாட்டேன்.

வேலை ஏன் போகவில்லை என்றால், தொலைபேசியைத் தொட வேறு ஆள் கிடைக்கவில்லை. பிற்பாடு பட்டணத்துக்கு மாற்றி, படிப்படியாக அந்தப் பிரிவுக்கே என்னைத் தலைவன் ஆக்கினார்கள். நான் போட்ட முதல் சட்டம், இடத்தை உரக்கச் சொல்லாமல் யாரும் மணியில் கை வைக்கக் கூடாது, வண்டியில் இருப்பவன் அதைத் திருப்பிச் சொல்லாமல் சக்கரம் உருளக் கூடாது என்பதுதான். பையன்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு "எங்கே சார்" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. செருப்பில் கால் வைக்கிறவரை எல்லாம் "எங்கே?" என்று கேட்டுவிடுவேன். முக்கியமான காரியத்துக்குப் புறப்படும் உறவினர்கள் எங்கள் வீட்டில் கொல்லை வழியாகத்தான் போவார்கள்.

செண்பகம் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தது எப்படி என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை. பால் வாங்கச் சொன்னாலும் சரி, பேரன் பிறந்த செய்தியானாலும் சரி, நான் தலையாட்டியதும் அவள் கேட்பது ஒன்றுதான்: "யாருட்டயாவது சொன்னியளா?" பிள்ளைகளும் இப்போது அதையே கேட்கிறார்கள்.

போன வருஷம் அவளுக்குக் கண் ஆபரேஷன். நர்ஸ் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். இரண்டு பேரும் கதவுவரை போய்விட்டார்கள். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, ஆஸ்பத்திரியே அதிரும்படி பின்னாலிருந்து "செண்பகம்!" என்று கத்திவிட்டேன். என் மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் நின்றாள். திரும்பி வந்தாள். நர்ஸ் தடுக்கத் தடுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து, என் டம்ளரை வாங்கி உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. என்ன?"

"ஒண்ணுமில்ல. பயமா இருந்துது. கூப்பிட்டேன்."

கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மகனைப் பார்த்து, "கேட்டியாலே? ஒங்க அப்பாவுக்கு இப்பந்தான் தொண்டை தெறந்திருக்கு. அன்னைக்கு லாரிக்குப் பின்னால இந்தச் சத்தத்தப் போட்டிருந்தா எங்க கூரையும் பொழச்சிருக்கும், நானும் பொழச்சிருப்பேன்" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை நான் குடித்தேன்.