வண்டியிலிருந்த பாதி மின்சாரம் எங்கே போனது?

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. தாயும் சேயும் நலம். உங்கள் அத்தையும் நலம். நான் நலமில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்கள் வேலை செய்யும் மின்வாரியக் கட்டுப்பாட்டு அறைக்குள் போனை விடமாட்டார்கள் என்பதால், ஆஸ்பத்திரியிலிருந்து வரும் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்புகிறேன். முதலில் சாப்பிடுங்கள், பிறகு படியுங்கள்.

நான் முப்பத்திரண்டு வருடம் நிலம் அளந்தவன். எவன் வந்து கெஞ்சினாலும் எல்லைக்கல்லை ஒரு சாண் நகர்த்தாதவன். அப்படிப்பட்டவனிடம் வந்து, நம் மின்சாரக் காரை ஊர் மின்தொகுப்போடு இணைக்கலாம் என்றீர்கள். "பகல்ல வெயில் மின்சாரம் வழியுது மாமா, அப்ப வண்டி குடிச்சுக்கும். பொழுது சாஞ்சா வெயில் இருக்காது, ஆனா எல்லா வீட்லயும் விளக்கு எரியணும். அப்ப வண்டி கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும்." நிறைமாதப் பெண் வீட்டில் இருக்கிறாளே என்றேன். "பாதி எப்பவும் வண்டியிலயே நிக்கும். அதுக்குக் கீழ ஒரு துளி எடுக்க மாட்டோம்" என்றீர்கள். மலைபோல் நம்பினேன்.

நேற்று மாலை ஆறே முக்காலுக்கு, மூன்று வாரம் முன்னதாகவே, அவளுக்கு வலி எடுத்தது. காற்றாலைகள் நின்றுபோய், இருப்பதை நீங்கள் ஊருக்கெல்லாம் பங்கிட்டுக்கொண்டிருந்த நேரம். ஆம்புலன்சுக்கு நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ஆஸ்பத்திரி பதினொரு கிலோமீட்டர். நம் பழைய வண்டியோ இன்னும் ஏழு கிலோமீட்டர்தான் ஓடும் என்று காட்டியது. ஏசியை அணைத்தேன், ரேடியோவை அணைத்தேன், பாரத்தைக் குறைக்கலாம் என்று உங்கள் அத்தையிடம் தலையணைகளை இறக்கச் சொன்னேன். "தலையணைக்கு என்ன எடை இருக்கு? நீங்க இறங்குங்க, வண்டி பறக்கும்" என்றாள். வழி நெடுக எல்லா விளக்குகளும் கண் சிமிட்டாமல் எரிந்தன. துணிக்கடைப் பொம்மைக்குக்கூட மூன்று விளக்கு. எல்லாம் என் வண்டியில் இருந்த மின்சாரம் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. மேம்பாலத்து இறக்கத்தில் அரைக் கிலோமீட்டர் கூடியது. கடவுளுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் அதுவும் தீர்ந்தது. ஒரு சலவைக்கடை வாசலில் வண்டி நின்றேவிட்டது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏம்பா நின்னுடுச்சு?" என்றாள். என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை.

பின்னால் வந்தது யார் தெரியுமா? எதிர்வீட்டுப் பல் டாக்டர். "ஏறுங்க சார், என் வண்டில அறுபது சதவீதம் இருக்கு" என்றார். போயும் போயும் அவர் வண்டியில் ஏறினோம். எட்டு நாற்பதுக்கு உங்கள் மகள் பிறந்தாள்.

ஆகவே, ஒன்று: வண்டியை உடனே தொகுப்பிலிருந்து அவிழ்த்துவிடுங்கள். இன்னொன்று: பிள்ளை பெற்ற மனைவி பக்கத்தில் இருக்கவிடாத, சொன்ன சொல்லைக் காப்பாற்றாத அந்த வேலையையும் விட்டுவிடுங்கள். எல்லா நலமும் பெற்று நீங்கள் மூவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
நொந்துபோன மாமனார்

பி.கு.: பையில் வைக்குமுன் உங்கள் மனைவி கட்டிலில் இருந்தபடியே இதை வாங்கிப் படித்தாள். "பாதியைப் பத்து சதவீதம்னு மாத்தினது யாருப்பா? நீங்களே எழுதிடுங்க" என்றாள். எழுதுகிறேன். நம் தெருவில் அதிக மின்சாரம் திருப்பிக் கொடுத்த வீடு எது என்று போனில் மாதாமாதம் பட்டியல் வருகிறதே, அதில் பல் டாக்டர் முதலிடம், நாம் இரண்டாமிடம். பொறுக்காமல் போன வாரம் அதே போனில் நான்தான் மாற்றினேன். நேற்று மாலை வந்த பட்டியலில் நாம் முதலிடம். உங்கள் கணினியில் இதெல்லாம் பதிவாகியிருக்கும். ஆனாலும் காலையில் குழந்தையைப் பார்க்க வந்தபோது, நர்சுகள் முன்னால் நான் திட்டத் திட்ட வாய் திறக்காமல் நின்றீர்கள். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னால் உயிரோடு இருந்திருக்க முடியாது மாப்பிள்ளை. அந்தப் பயத்தைத் தாங்க முடியாமல் உங்கள் தலையில் போட்டுவிட்டேன். வேலையை விடாதீர்கள். வண்டியையும் அவிழ்க்க வேண்டாம். பத்தை மறுபடி பாதியாக்கி, கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். புதியதை எனக்குச் சொல்லாதீர்கள், நான் கேட்டாலும்.