ஹார்னுக்கு எதுக்கு ஃபில்டர்?

“இன்டர்நெட் வந்துடுச்சாப்பா?” என்று மகள் கேட்பது எத்தனையாவது தடவையோ. மோடத்தில் ஒரே ஒரு விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஹாலில் இருந்த போனை எடுத்துக் காதில் வைத்தால் புஸ்ஸென்று இரைச்சல்.

“வரும், வரும். எங்க போயிடப்போகுது?” என்றார் அப்பா, மேசைக்கு அடியிலிருந்து.

அப்பா டீசல் மெக்கானிக். பட்டறையில் அவருக்குப் பெயர் ‘நானே’. எந்த வேலை வந்தாலும் “தள்ளு, நானே பாத்துக்கறேன்” என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர் அது. லாரி எஞ்சினைப் பிரித்துப் போட்டு மாட்டுகிற மனுஷன், போன் லைனுக்கென்று கம்பெனி கொடுத்த தீப்பெட்டி அளவு ஃபில்டர் இரண்டையும் ஒரு மோடத்தையும் மாட்ட இன்னொருத்தனைக் கூப்பிடுவாரா? டெலிபோன் கம்பெனியில் “ஆள் அனுப்பறோம் சார்” என்றதற்கு, “அனுப்பினா கதவைத் தொறக்க மாட்டேன்” என்று பதில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அதே கம்பெனியில்தான் மகளுக்கு அன்றைக்குப் பதினொரு மணிக்கு இன்டர்வியூ. வாடிக்கையாளர்கள் போன் செய்து கேட்பதற்குப் பதில் சொல்கிற வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் வீட்டு இணைப்பு சரியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமாம். அதன் வழியாகவே முகம் காட்டிப் பேசச் சொல்லியிருந்தார்கள். படிப்பு முடிந்ததிலிருந்து அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. இதுவும் கைநழுவிப் போனால் அவள் ஒடிந்துபோவாள் என்று அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துதான், தன் கையாலேயே முடித்துத் தர இத்தனை வீம்பு.

மகள் கம்பெனி கொடுத்த காகிதத்தை மேசைக்கு அடியில் நீட்டினாள்.

“ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஃபில்டர் மாட்டணும்னு போட்டிருக்குப்பா. மோடத்துக்கு வேண்டாமாம்.”

“எவன் எழுதினது? ஃபில்டர் எங்க இருக்கும்? எஞ்சினுக்கு முன்னாடி இருக்கும். இங்க மோடம்தான் எஞ்சின். போன் வெறும் ஹார்ன். ஹார்னுக்கு எவனாவது ஃபில்டர் மாட்டுவானா?”

“அப்பா, ஆனா...”

“ஒண்ணு பத்தல, அதான் விஷயம். டீசலுக்கே ரெண்டு ஃபில்டர் வைக்கறோம்.”

மோடத்துக்கு முன்னால் ஏற்கெனவே ஒன்றை மாட்டியிருந்தார். அதன் வாலில் இரண்டாவதையும் கோத்தார். சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கும் அணைந்துபோனது.

அப்பா அசரவில்லை. “லைன்ல காத்து அடைச்சிருக்கு. எடுத்துவிட்டா சரியாயிடும்” என்று திருப்புளியை எடுத்துச் சுவரில் இருந்த பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டே இரண்டு மெல்லிய கம்பிகள். லாரி நட்டை முறுக்கிப் பழகிய கை, லேசாகத்தான் தொட்டது. ஒரு கம்பி கையோடு வந்துவிட்டது.

படுக்கையறையிலிருந்து அம்மா ஓடி வந்தாள்.

“என்னங்க, உள்ள போன் செத்துப்போச்சு! தங்கச்சி முக்கியமா ஏதோ சொல்லிட்டிருந்தா.”

“காலையிலேருந்து முக்கியமாத்தான் சொல்லிட்டிருக்கா. கொஞ்சம் மூச்சு விடட்டும்.”

“கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டாத்தான் என்ன? கிரீடம் எறங்கிடுமா?”

“எறங்கும்!” என்றார் அப்பா.

அப்போது மகளின் செல்போன் அடித்தது. கம்பெனியிலிருந்துதான். “பதினொண்ணு ஆச்சே, உங்களைக் காணோமே?” என்றது ஒரு பெண் குரல். “இதோ வந்துட்டேன் மேடம், லைன்லயே இருங்க” என்று மகள் செல்போனை அலமாரி மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“அப்பா, ஃபில்டரை எடுத்துடலாம்ப்பா.”

“மாட்டேன்! தப்பு என் பேர்ல இல்ல. அறிவுகெட்ட கம்பெனி! எதை எங்க மாட்டறதுன்னு தெரியாதவனெல்லாம் கடை விரிச்சு உக்காந்துட்டான். அவன் மட்டும் என் பட்டறைக்கு வந்திருந்தான்னா மொத நாளே தொரத்தியிருப்பேன்!”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மகள் குரலை உயர்த்தவே இல்லை.

“நீங்க சொல்றது சரிதாம்ப்பா. எஞ்சினுக்கு முன்னாடிதான் ஃபில்டர் இருக்கணும்.”

“அப்படிச் சொல்லு.”

“ஆனா உங்க கையில இருக்கறது ஃபில்டரே இல்ல.”

“பின்ன?”

“சைலன்சர்.”

மேசைக்கு அடியில் அப்பா ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மோடம் ஓடற சத்தந்தான் போன்ல புஸ்ஸுன்னு கேக்குது. ஒவ்வொரு போனுக்கும் இதை மாட்டினா அடங்கிடும். நீங்க ரெண்டு சைலன்சரைக் கொண்டுபோய் எஞ்சின் வாயில அடைச்சிருக்கீங்க. மூச்சு விட முடியாம எஞ்சின் எப்படிப்பா ஓடும்?”

“அடப்பாவிங்களா!” அப்பா வேகமாக எழுந்ததில் மேசை ஒரு குலுங்கு குலுங்கியது. “சைலன்சருக்குப் போய் ஃபில்டர்னு பேர் வெச்சிருக்கானே! இதை மொதல்லயே சொல்லியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்குமே!”

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. கம்பியை இடத்தில் செருகி மூடியை முடுக்கினார். ஹால் போனுக்கு ஒன்று, படுக்கையறைப் போனுக்கு ஒன்று. மோடத்தை நேராக லைனில் கொடுத்தார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அப்படியே நின்றன. உள்ளே அம்மா, “ஏய், இப்ப கணீர்னு கேக்குதுடி!” என்று தங்கையிடம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்துவிட்டாள்.

மகள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். இணைப்பு சட்டென்று கிடைத்தது. ‘உங்களுக்கான நேரம் முடிந்தது’ என்று திரையில் ஒரு வரி. அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“போச்சுப்பா” என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை; அவள் திட்டவில்லை. பெற்ற பெண்ணின் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுவிட்டோமே என்று முதல் தடவையாக அப்பாவுக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கம் வந்தால் அவருக்குக் கோபமும் கூடவே வரும். அலமாரியில் இருந்த செல்போனைப் பாய்ந்து எடுத்தார். கம்பெனிக்காரி இன்னும் லைனில்தான் இருந்தாள்.

“இந்தாங்கம்மா, நான் அவ அப்பா பேசறேன். தப்பு முழுக்க என்னோடது. அவ காலையிலேருந்து சரியாத்தான் சொன்னா, நான்தான் கேக்கல. அவளுக்கு இன்னொரு தடவை இன்டர்வியூ வைங்க. அதுக்காக உங்ககிட்ட கெஞ்சவெல்லாம் மாட்டேன், சொல்லிட்டேன். சைலன்சருக்கு ஃபில்டர்னு பேர் வெச்சது உங்க தப்பு!”

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மறுமுனையில் யார் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

“இன்னொரு தடவை எதுக்குங்க?” என்றது அந்தப் பெண் குரல். “கோவக்கார வாடிக்கையாளர் மாதிரி நடிச்சுத் திட்டறதுக்குன்னே இங்க ஒருத்தரை உக்கார வெச்சிருந்தோம், நீங்க திட்டினதையும் பொண்ணு பொறுமையா உங்களைச் சமாளிச்சதையும் கேட்டுட்டு, இதுக்கு மேல நான் என்னத்த நடிக்கறதுன்னு அவர் அப்பவே எழுந்து போயிட்டார், பொண்ணைத் திங்கக்கிழமை வேலைக்குச் சேரச் சொல்லுங்க.”