ஒரு நிதி மூன்றான கதை

"என்னைக் கள்ளனெண்டோ நினைக்கினம்?"

குகதாசன் மேசையில் அடித்த அடியில் தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது. பாரிசின் லா சப்பலில் கடையும் உணவகமும், புறநகர் கார்ஜில் களஞ்சியமும் வைத்திருக்கும் மனிதர். ஒரு மாதம் கூடச் சம்பளம் பிந்தவிட்டவரல்ல.

"அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை," என்றாள் கணக்கு எழுதும் அருள்மலர். "எங்கடை ஓய்வு நிதியிலை ஐம்பது பேருக்கு மேலை சேந்திட்டினம். இனி வெளியாள் வந்து கணக்காய்வு செய்யவேணுமாம். காப்புறுதிக் கொம்பனியின்ரை விதி."

"அந்தாளுக்கு ஆர் காசு குடுக்கிறது?"

"நீங்கள்தான்."

"நான் ஏன் குடுக்க? இருபது வருசமா என்ரை காசும் அதுக்குள்ளைதான் கிடக்கு. வாற ஆடியோடை ஓய்வெடுக்க அதைத்தான் நம்பியிருக்கிறன். என்ரை காசை நானே களவெடுப்பனோ?"

இரண்டு நாள் கொதித்தவருக்கு மூன்றாம் நாள் வழி பிறந்தது. நிதியை மூன்றாக உடைத்தார். கடைக்கு ஒன்று, உணவகத்துக்கு ஒன்று, களஞ்சியத்துக்கு ஒன்று. எதிலும் ஐம்பது பேர் இல்லை. கணக்காய்வாளர் தொலைந்தார்.

ஆனால் மூன்று நிதி என்றால் மூன்று தலைவர்கள். கடைக்குச் சிவமணி, களஞ்சியத்துக்கு ஞானசுந்தரம், உணவகத்துக்குக் கொத்துரொட்டி போடும் அம்புறோஸ். மறுநாள் மதியம், சனம் வாசல்வரை நின்ற நேரத்தில், கொத்துச் சத்தம் திடீரென்று நின்றது.

"எங்கை அம்புறோஸ்?" என்று ஓடிவந்தார் குகதாசன்.

"தலைவர் கூட்டத்திலை இருக்கிறார்," என்றார் பாத்திரம் கழுவுபவர்.

இனி வேலை முடிந்த பிறகுதான் கூட்டம் என்று குகதாசன் கத்தினார். அதுதான் வினையானது. ஆற அமரக் கூடியவர்கள் ஆற அமரச் சந்தேகப்பட்டார்கள். கடை நிதிக்குக் காசு கூடுதலாகப் போய்விட்டதென்று களஞ்சியத்தில் கதை கிளம்பியது. அன்று கடைக்கு ஒரு வாழைக்காய்கூட வந்து சேரவில்லை.

குகதாசன் தலைவர்கள் மூவரையும் கூப்பிட்டார்.

"நீதியாத்தான் பிரிச்சது. என்னை நம்பேல்லையோ?"

"உங்களை நம்புறம் அண்ணை. இவையளைத்தான் நம்பேல்லை," என்று மூவரும் மற்றவர்களைக் காட்டினார்கள். "எங்களுக்குத் தனித்தனியாக் கணக்காய்வு வேணும்."

"மூண்டோ! ஒண்டுக்கே குடுக்கமாட்டன் எண்டுதானே உடைச்சனான்! ஒரு சதமும் தரமாட்டன்!"

"வேண்டாம். நாங்களே குடுக்கிறம்."

குகதாசன் முறைத்தார். உள்ளுக்குள் இனித்தது.

கணக்காய்வுக்கு வந்த மதலேன் புதுச்சேரிக்காரி. மூன்று இடத்துக் கணக்கையும் பார்த்து முடித்து, எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்:

"எல்லாம் சரியா இருக்கு மிஸ்யே. பட்டியல்ல இருக்கிற ஒருத்தர் காசும் குறையலை."

"கேட்டியளோ!" குகதாசன் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கள்ளனைத் தேடினியளே, ஆள் அம்பிட்டாரோ? வாழைக்காயை மறிச்ச வீரர் எங்கை? இப்ப எல்லாரும் மன்னிப்புக் கேளுங்கோ! சரி அம்மா, என்ரை பங்கு எவ்வளவு?"

மதலேன் மூன்று பட்டியல்களையும் புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

"உங்க பேர் எதுலயும் இல்லையே மிஸ்யே."

"நிதியை உடைக்கேக்கை ஒவ்வொரு இடத்திலையும் வேலை செய்யிற ஆக்களின்ரை பேரைத்தானே அண்ணை கேட்டனீங்கள்," என்றார் சிவமணி, தலையைச் சொறிந்தபடி.

"அப்ப என்ரை இருபது வருசக் காசு?"

அம்புறோஸ் தொண்டையைச் செருமினார்.

"மூண்டு நிதியிலையும் பேரில்லாமல் கொஞ்சம் காசு மிஞ்சிக் கிடந்தது அண்ணை. அதிலைதான் இந்தக் கணக்காய்வு அக்காவுக்குக் கூலி குடுத்தனாங்கள்."