காஞ்சிபுரத்துக்கு நான் வரவழைத்த கொக்குகள்

ஒரு விஷயத்தைப் பற்றி நிச்சயமாக இருப்பதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. தெரியாது என்று சொல்லிவிட்டால் அன்றோடு முடிந்தது, வீட்டுக்கு வந்து காபி குடிக்கலாம். தெரியும் என்று சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்ற வருஷக்கணக்கில் பாடுபட வேண்டும். இருபத்தைந்து வயதில் எனக்கு இது புரியவில்லை. "நூறு சதவீதம் சார்" என்று ஒரே ஒருமுறை சொன்னேன். அதன் பிறகு நடந்ததை எத்தனை கல்யாண வீடுகளில், எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் தாளை நீட்டிவிடலாம்.

அப்போது நான் காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர். (நான்காவது வருஷமாகத் தற்காலிகம்.) என் விலங்கியல் முழுவதும் ஃபார்மலின் பாட்டிலுக்குள் இருந்தது. கரப்பான் பூச்சியின் நரம்பு மண்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். உயிரோடு வெளியே நடமாடுகிற எதையும் எனக்கு அடையாளம் தெரியாது. இது தெரியாத எங்கள் முதல்வர், கல்லூரியில் இயற்கை மன்றம் தொடங்கியபோது என்னைக் கூப்பிட்டார். "நீங்க ஜுவாலஜிதானேம்மா, பறவையெல்லாம் நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லி ஒரு பைனாகுலரைக் கொடுத்தார். அதன் இடது கண்ணில் பூஞ்சை பிடித்திருந்தது. வலது கண்ணில் உலகம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது.

மாகறல் போகிற வழியில் ஓர் ஏரி இருக்கிறது. வனத்துறை பலகை வைத்துப் பாதுகாக்கிற ஏரி. மழைக்காலம் முடிந்ததும் எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கும். ஒரு ஜனவரி மாத விடியற்காலையில் ஸ்கூட்டியில் அங்கே போய்க் கரையில் நின்றேன். ஏரி முழுக்கப் பனி. எதிர்க்கரைப் பக்கம், தண்ணீர் வற்றிய சேற்றில், ஏழு பறவைகள் நின்றன. உயரம், சாம்பல் நிறம், நீண்ட கால், தலைப் பக்கம் கறுப்பு. நூலகத்திலிருந்து எடுத்துப் போன பறவைப் புத்தகத்தைத் திறந்தேன். திறந்த பக்கத்தில் ஒரு படம் இருந்தது. உயரம், சாம்பல் நிறம், நீண்ட கால், தலைப் பக்கம் கறுப்பு. கீழே 'கிரேன்' என்று போட்டிருந்தது. மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருமாம். நம் பக்கத்தில் பார்த்ததாகப் பெரும்பாலும் பதிவே இல்லையாம்.

அடுத்த பக்கத்தைத் திருப்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. நான் புத்தகத்தை மூடி, கைபேசியில் படம் எடுத்தேன். படத்தில் ஏழு புள்ளிகள் விழுந்தன.

முதல்வர் அந்தப் புள்ளிகளை நெடுநேரம் பார்த்தார்.

"நிச்சயமாம்மா?"

"நூறு சதவீதம் சார்."

"நம்ம ஜில்லாவுக்கே முதல் தடவையா?"

"ஆமா சார்." (இதை யார் எனக்குச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.)

அடுத்த பத்து நாட்கள் எனக்கு மூச்சு விட நேரமில்லை. 'பெருங்கொக்குத் திருவிழா' என்று பேனர் அடித்தார்கள். கிரேனுக்குத் தமிழில் என்ன பெயர் என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால் பேனருக்காக நாங்களே வைத்த பெயர் அது. அழைப்பிதழில் 'தொடர்புக்கு' என்று என் கைபேசி எண். வனத்துறை ரேஞ்சர் சிறப்பு விருந்தினர். சென்னையிலிருந்து நாற்பது வருஷமாகப் பறவை பார்க்கிற ஒரு பெரியவரை அழைத்திருந்தார்கள். அவருக்கு என் ஏழு புள்ளிகளை அனுப்பினேன். 'தெளிவாக இல்லை, நேரில் பார்க்கிறேன்' என்று பதில் வந்தது. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். முதல்வர் என்னைத் தனியாக அழைத்து, "கமிட்டியில உங்க பர்மனென்ட் போஸ்ட் பத்திப் பேசறேன். நல்லபடியா முடியட்டும்" என்றார். நான்கு வருஷமாகக் காதில் விழக் காத்திருந்த வாக்கியம்.

வீட்டில் சொன்னபோது அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார்.

"கிரேனா? இன்னாமா, இரும்பு தூக்குமே, அந்த வண்டியா?"

"பறவைப்பா. ரஷ்யா பக்கத்திலிருந்து வருது. நான்தான் கண்டுபிடிச்சேன்."

அப்பா நெய்வதை நிறுத்திவிட்டார். "எப்டி இருக்கும்?" என்று கேட்டார். சொன்னேன். "உடம்பு சாம்பல், கரை கறுப்பு. நல்ல காம்பினேஷன்மா" என்று தலையாட்டினார். சாயங்காலத்துக்குள் அம்மா, பெரியம்மாவுக்குச் சொல்லி, பெரியம்மா தெரு முழுவதற்கும் சொல்லி, ஒரு வேனும் பேசி முடித்துவிட்டார்கள். நானும் எல்லாரும் வாங்க என்றுதான் சொன்னேன். எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தப் பக்கம் வர வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். சத்தம் போடக் கூடாது, மங்கலான உடை போட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. மாணவர்களுக்குச் சுற்றறிக்கையில் அடித்துக் கொடுத்திருந்தேன். என் அம்மாவுக்குச் சுற்றறிக்கை அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் மறுபடியும் ஏரிக்குப் போனேன். ஒரு பறவை கொஞ்சம் கிட்டே, வரப்பின் மேல் ஒற்றைக் காலில், தோளுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு, பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கும் ஆள் போல நின்றது. இமயமலையைத் தாண்டி வந்த மாதிரித் தெரியவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். திறக்காமலே திரும்ப வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய கோழைத்தனம் எது என்று கேட்டால், சத்தமே வராத அந்தக் காரியம்தான்.

விடிந்தது. பச்சைத் தொப்பி போட்ட அறுபது மாணவர்கள் ஏரிக்கரையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சென்னைப் பெரியவர் டெலஸ்கோப்பை நிறுத்தி, குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எதிர்க்கரையில், பனிக்குள், என் ஏழு பேரும் நின்றார்கள்.

"கிரேன்தானே சார்?" என்று முதல்வர் மெதுவாகக் கேட்டார்.

"தூரமா இருக்கு சார், பனி வேற. பறக்கட்டும், பாத்துட்டுச் சொல்லலாம்" என்றார் பெரியவர். பிறகு மாணவர்களைப் பார்த்து, பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்: "கிரேன் பறக்கும்போது கழுத்தை நேரா நீட்டிக்கிட்டுப் போகும். நாரையா இருந்தா மடக்கிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம், ரொம்ப சுலபம்."

எனக்கு அந்த நிமிஷத்தில்தான் அந்த வித்தியாசம் தெரியும். அந்த ஏழும் ஆயுசுக்கும் பறக்கவே கூடாது என்று ஏகாம்பரநாதரிலிருந்து தொடங்கி ஊரில் இருக்கிற எல்லாக் கோயிலுக்கும் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் இதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பாதிக் கோயில்கூட முடியவில்லை, கரை மேல் வேன் வந்தது.

வழியில் ஆடுகள் மறித்து நின்றன. டிரைவர் ஹாரனை அழுத்தினார், விடவில்லை. மாணவர்கள் அறுபது பேரும் வாயில் விரலை வைத்து "உஷ்" என்றார்கள், அது ஹாரனைவிடச் சத்தமாக இருந்தது. கதவு திறந்து என் குடும்பம் இறங்கியது. பதினான்கு பேர். திருவிழா என்றால் திருவிழாவுக்குப் போகிற மாதிரித்தானே வருவார்கள். அம்மா அரக்குச் சிவப்பில் அகல ஜரிகை. பெரியம்மா கிளிப்பச்சை. சித்தி மாம்பழ மஞ்சள். அப்பா பட்டு வேட்டி. அப்போதுதான் எழுந்த வெயில் அத்தனை ஜரிகையிலும் பட்டு, எதிர்க்கரை வரை மின்னியது.

ஏழு பறவைகளும் எழும்பின.

முதலில் எல்லாக் கழுத்தும் நேராகத்தான் இருந்தன. ஒரு விநாடி நான் பிழைத்துக்கொண்டேன் என்றே நினைத்தேன். பிறகு முதல் பறவை கழுத்தை மடக்கியது. இரண்டாவது மடக்கியது. பாய் சுருட்டி வைப்பது போல, ஒன்றன்பின் ஒன்றாக, ஏழும் ஒழுங்காக மடக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலேயே போயின.

"சாம்பல் நாரை" என்றார் பெரியவர்.

பெரியம்மா அண்ணாந்து பார்த்து, "இதுவா? இது நம்ம செவிலிமேட்டுல, பாலாத்துத் தண்ணியாண்ட தெனம் நின்னுக்கினுதாமா இருக்குது" என்றார். ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். ஒரு மாணவி சிரித்தாள். அப்புறம் அறுபது தொப்பிகளும் குலுங்கின. முதல்வர் என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கமிட்டியில் இனி என்ன சொல்வது என்று யோசிக்கிற பார்வை அது.

அப்பாவுக்கு எதுவும் புரியவில்லை. அவர் நேராகப் பெரியவரிடம் போய்க் கைகூப்பி, "ஐயா, எம் பொண்ணுதாங்க இத மொத மொத பாத்தது" என்றார். எனக்கு ஏரிக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. (முழங்கால் ஆழம்தான். அதற்கும் உதவாது.) பெரியவர் அப்பாவின் வேட்டியைப் பார்த்தார், தூரத்தில் நிற்கிற என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து வந்து பாத்திருக்காங்க. எத்தனை பேரு அது செய்யறாங்க" என்றார்.

அப்பா நிறைவாகத் திரும்பி வந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

ரேஞ்சர் ரிப்பன் வெட்டி, "நாரையும் நல்ல பறவைதான்" என்று பேசி முடித்தார். அம்மா கொண்டு வந்த புளிசாதத்தை எல்லாரும் சாப்பிட்டார்கள், முதல்வர் உட்பட. அதற்குள் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் என் குடும்பத்தை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் போயிருக்கிறார். மறுநாள் செய்தி வந்தது: 'வெளிநாட்டுக் கொக்குகளைப் பட்டுடுத்தி வரவேற்ற காஞ்சி மக்கள்.'

தை, மாசி இரண்டு மாதமும் என் கைபேசி ஓயவில்லை. எல்லா உரையாடலும் ஒன்றுதான்.

"மேடம், கொக்கு இருக்குதுங்களா?"

"கொக்கு இல்லைங்க. அது நாரை."

"அப்டியா. கொக்கு எப்ப கெளம்பிப் போச்சு?"

முதலில் விளக்கினேன். பிறகு, போன வாரம் போய்விட்டது என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அந்த ஏரிக்கு வந்து போன கொக்குகளைப் பற்றி இன்றும் இணையத்தில் ஒரு வரி கிடக்கிறது. அதை எடுக்கச் சொல்லி எழுதவும் எனக்குத் தெம்பில்லை.

நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. முதல்வர் என்னைக் கோபிக்கவே இல்லை. "நீங்க மூலிகைத் தோட்டத்தப் பாத்துக்குங்கம்மா. செடி பறக்காது" என்றார். இரண்டு வருஷம் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறிக்கொண்டேன்.

ஆனால் அன்று திரும்ப வேனில் ஏறுவதற்கு முன்பே என் குடும்பம் பெரியவர் சொன்னதை மாணவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டது. தேர்வு நன்றாக எழுதியிருக்கிறேன் என்று தம்பி சொன்னால் அம்மா, "பறக்கட்டும், பாக்கலாம்" என்பாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அப்பா சமையலறைக்குள் வந்து, "நல்ல பையனாத்தான் தெரியுது. எதுக்கும் பறக்கட்டும், கழுத்தப் பாத்துட்டுச் சொல்லலாம்" என்றார். உள்ளே எழுந்த சிரிப்பு வெளியே கேட்டுவிட்டது. பையன் என்னிடம் தனியாகக் கேட்டது அதைத்தான். சொன்னேன். அவர் அதை அவர் வீட்டுக்குக் கொண்டு போனார்.

இப்போது கதையே தெரியாதவர்களும் அதைச் சொல்கிறார்கள். போன வாரம் என் மாமியார் வாசலில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் பிஞ்சும்மா, நிச்சயமா சொல்றேன்" என்றாள் காய்க்காரி.

"பறக்கட்டும், பாக்கலாம்" என்றார் மாமியார்.

காய்க்காரி கையிலிருந்த கத்தரிக்காயை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.