குதிரை வாலும் என் மகள் கல்யாணமும்

ஐந்து வருடமாக எனக்குச் சம்பந்தி ஆகப்போகிறவராகவே இருந்துவரும் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தங்கள் முட்டிவலி கட்டுக்குள் இருக்குமென நம்பி, விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் மகன் வேலை பார்க்கும் வீடியோ கேமின் மூன்றாம் பாகம் வெளியான மறுவாரம் கல்யாணம் என்று பேசி முடித்தோம். பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருடம் டைம்கீப்பராக இருந்தவன் நான். நேரம் என்று ஒன்று சொன்னால் வண்டி புறப்பட்டுவிடும் என்று நம்பிவிட்டேன். முதல் பாகத்தை மாப்பிள்ளையும் மூன்று நண்பர்களும் சைக்கிள் கடை மாடியில் பத்தே மாதத்தில் முடித்தார்கள். அதில் வந்த குதிரை, கால் முளைத்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தாலும் ஓடியது, ஊரே விளையாடியது. இரண்டாம் பாகத்துக்கு நாற்பது பேர், இரண்டு வருடம். இப்போது நானூறு பேர், ஐந்து வருடம், குதிரை இன்னும் லாயத்தை விட்டு வெளியே வரவில்லை.

அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று போன செவ்வாய்க்கிழமை நேரிலேயே போனேன். ஆறு மாடி. காலையில் ஒவ்வொருவரும் நின்றபடி நேற்று செய்ததைச் சொல்ல வேண்டுமாம். நாலு பேர் காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை, முன்னூறாவது ஆள் வாய் திறப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. குதிரை மூன்றாம் மாடியில், அதன் வால் ஐந்தாம் மாடியில். வால்காரர்கள் நிஜ வால் மாதிரி ஆடட்டும் என்று நீளத்தைக் கூட்ட, அது குதிரைமேல் ஏறி உட்கார்ந்தவன் தொப்பியைத் தட்டிவிட, தொப்பிக்காரர்கள் சண்டைக்கு வர, தொப்பியை இறுக்கினால் தலையும் சேர்ந்து கழன்று வருகிறது என்று தலைக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். "ஏம்பா, வாலை வெட்டிட்டா என்ன?" என்று கேட்டேன். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் முடியாது சார். இன்னும் நூறு பேர் எடுக்கறோம், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். சொன்னபடி எடுத்தும் விட்டார்கள். வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகப் பழைய ஆட்கள் நூறு பேர் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் மாப்பிள்ளையும் ஒருவர்.

என் மகள், "அப்பா, டிசம்பர் வரைக்கும் பாப்பேன். அப்புறம் வெளியூர் வேலைக்குக் கிளம்பிடுவேன். அவர் அந்தக் குதிரையையே கட்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்னால் பரவாயில்லை, தட்டைக் கழுவிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். ஆகவே இனி ஒரு புல்லைக்கூடப் புதிதாகச் சேர்க்காமல், இருக்கிறதை இருக்கிறபடியே வெளியிடும்படி தாங்கள் மகனைக் கண்டிக்க வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. மாப்பிள்ளைக்கான ஆசி மட்டும் குதிரை ஓடிய பிறகு.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் மேனேஜர் போன் செய்தார். விளையாடிப் பார்த்துக் குறை சொல்லக் கறாரான ஆள் வேண்டுமாம். என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாளாகப் போகிறேன். குதிரை ஓடுகிறது, சம்பந்தி! வாலும் பிரமாதம். ஆனால் அதில் வரும் குதிரை வண்டி ஊர் வாசலுக்கு ஒரு நாள் ஆறு மணிக்கு வருகிறது, ஒரு நாள் ஆறேகாலுக்கு. எப்படிப் பார்த்துக்கொண்டு இருப்பது? சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள்: அதைச் சரிசெய்யப் புதிதாக அறுபது பேர், இன்னும் பதினான்கு மாதம். "வெள்ளிக்கிழமை வெளியிடறதா இருந்தோம் மாமா" என்று மட்டும் சொன்னார் மாப்பிள்ளை. மகளிடம் தாங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.